தாத்தா பெயரில் ஒரு வடிசாலை

என் அக்கா மகனுக்கு ஒரு ஆசை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் சின்னதாக ஒரு வடிசாலை போட வேண்டும், அதற்கு என் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கம்பெனி வேலையாக அமெரிக்கா போனபோது டென்னசியில் ஒரு குடும்பம் நடத்தும் விஸ்கி வடிசாலையைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். மாட்டுக்கொட்டகை அளவுக் கட்டிடம், ஒரே ஒரு செம்புப் பானை, பின்பக்கம் அடுக்கி வைத்த ஓக் பீப்பாய்கள். சுவரில் ஒரு பெரியவரின் கறுப்பு வெள்ளைப் படம். மதுவிலக்குக் காலத்தில் காட்டுக்குள் ஒளிந்து காய்ச்சியவராம். இன்றைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த முகத்தையே லேபிளில் அச்சடித்து விற்கிறார்கள். ஒரு பாட்டில் வாங்கி வந்து எங்கள் வீட்டு மேசையில் வைத்தான். "மாமா, இவரவிட உங்க தாத்தா எதுல குறைச்சல்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் தொழிலைப் பற்றி வெளியே பேசும் வழக்கம் கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தால் "தென்னந்தோப்புல இருந்தாங்க" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். தோப்பு வேறொருவருடையது, தாத்தா அதில் மரம் ஏறிக் கள் இறக்கினவர் என்பது அந்த வாக்கியத்துக்குள் மறைந்துவிடும். அப்பா வாத்தியார் ஆன பிறகு பாளைக்கத்தி பரணுக்குப் போயிற்று. அப்படி இரண்டு தலைமுறையாக மறைத்து வைத்த ஒன்றை, இருபத்தாறு வயதுப் பையன் எடுத்து முகப்பில் மாட்டலாம் என்கிறான். எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் வந்தது உண்மை. ஆனால் அவன் காட்டிய அந்த லேபிளில் ஏதோ இடித்தது. ஒரு மனிதன், ஒரு பானை, ஒரு வீரக்கதை. இத்தனை சுலபமாக ஒரு குடும்பத் தொழிலைச் சொல்லிவிட முடியுமா என்ற கேள்விதான் இந்தப் பதிவு.

சித்தூர்ப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கேரளத்தின் கள்ளு ஷாப்புகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பகுதி எங்கள் தோப்புகளில் இறங்குவது. விடிந்தும் விடியாமலும் வண்டிகள் கிளம்பி திருச்சூர், எர்ணாகுளம், ஆலப்புழை என்று போகும். கோபாலபுரத்தில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் அதே மண், அதே தென்னை. ஆனால் அந்தப் பக்கம் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கினால் வழக்கு. அதனால் அங்கிருந்து எத்தனையோ மரமேறிகள் இங்கே வந்து பிழைத்தார்கள், இப்போதும் பிழைக்கிறார்கள். தோப்பில் பேச்சு தமிழ், ரசீது மலையாளம். ஆலப்புழை ஷாப்பில் கப்பக்கிழங்கும் மீன் கறியும் வைத்துக்கொண்டு குடிக்கிறவருக்கு அது எந்த மரத்துக் கள், யார் சீவியது என்று தெரிய வழியே இல்லை. கேனில் ஒரு பெயரும் இருக்காது.

பாளையும் பானையும்

தாத்தா செய்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தென்னையின் பாளை வெடிப்பதற்கு முன்னால் அதைத் தேர்ந்தெடுத்து, நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்புறம் தினமும் ஏறி எலும்புத் துண்டால் அதைத் தட்ட வேண்டும். மேலிருந்து கீழாக, சுற்றிச் சுற்றி, ஒரே அளவான தட்டு. வேகமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கி அழுகிவிடும், மெதுவாகத் தட்டினால் நீர் சுரக்காது. கீழே நின்றுகொண்டிருந்தால் தோப்பு முழுக்க அந்த டொக் டொக் சத்தம் கேட்கும். எந்த மரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை ஏறாதவர்கள்கூடத் தட்டை வைத்தே சொல்வார்கள். சில நாள் தட்டின பிறகு பாளையின் நுனியைச் சீவினால் ஈரம் கசியும். சீவின இடத்தில் சேறு தடவிக் கலயத்தை மாட்டுவார்கள். பிறகு காலையும் மாலையும் ஏறி, தாள் கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். நன்றாகக் கொடுக்கிற மரம் நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் கொடுக்கும்.

விஸ்கிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. பார்லியை ஊற வைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கலக்கினால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகும். அதற்கப்புறம்தான் ஈஸ்ட். தென்னையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. ஈஸ்ட் காற்றிலும் கலயத்திலும் இருக்கிறது. கலயத்தில் சொட்டுகிற நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மத்தியானம் கள், மறுநாள் புளிப்பு, இன்னும் விட்டால் காடி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும், அவ்வளவுதான் மனிதனுக்கு அதில் பிடி.

கள்ளுக்குப் பெயர் ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் கெட்டுப்போகிற பொருளுக்கு யார் லேபிள் ஒட்டுவார்கள்? செம்புப் பானையில் காய்ச்சி ஆவியைப் பிடித்துக் குளிரவைத்த சரக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஸ்காட்லாந்தில் குறைந்தது மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்காவிட்டால் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது. அத்தனை நாள் காத்திருக்கிற பொருளுக்குக் கதை சொல்ல நேரமும் இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறார்கள்.

மருமகனிடம் நான் முதலில் சொன்னது, நம் நிலத்தில் விஸ்கி வேண்டாம் என்பதுதான். விஸ்கி என்றால் தானியத்தில் செய்வது. எங்கள் முன்னோர் யாரும் பார்லியைக் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தா பெயரை வைத்துவிட்டு வடக்கிலிருந்து பார்லி லாரியில் இறக்கினால் அந்தப் பெயருக்கும் பாட்டிலுக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. பெங்களூரில் 1948-இல் தொடங்கின அம்ருத் வடிசாலைக் குடும்பம் 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய்த் தங்கள் சிங்கிள் மால்ட் விஸ்கியை அறிமுகப்படுத்தியது, அது பெரிய காரியம், அவர்கள் கதை அவர்களுக்கு. நமக்குக் கள் இருக்கிறது. இலங்கையில் இதே தென்னங்கள்ளைத்தான் வடித்து, ஹல்மில்லை மரத் தொட்டிகளில் பழக வைத்து அராக் என்று உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அவனுக்கு இது பிடித்துப்போயிற்று. பெங்களூர் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிவிடும், ஸ்காட்லாந்தில் அது இரண்டு சதவீதம்தான் என்று அவன் கணக்கு எடுத்துச் சொன்னான். பாலக்காட்டு மார்ச் வெயிலுக்கு இன்னும் எவ்வளவு போகும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது அது கிட்டத்தட்ட நடக்கப்போகிற காரியம் மாதிரியே இருந்தது.

கொடி ஏற்றிய ஹெலன்

அந்த ஆர்வத்தில் நானும் குடும்ப வடிசாலைகளின் கதைகளைத் தேடிப் படித்தேன். பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. தாத்தா திருட்டுத்தனமாகக் காய்ச்சினார், பேரன் லைசென்ஸ் வாங்கினான், செய்முறை மட்டும் மாறவில்லை. ஆனால் இரண்டு கதைகள் அந்த அச்சுக்குள் அடங்கவில்லை.

ஒன்று ஸ்காட்லாந்தின் கார்டு என்ற வடிசாலை. 1811 வாக்கில் ஜான் கம்மிங் என்ற விவசாயி தன் பண்ணையில் காய்ச்சத் தொடங்கினார் என்று எழுதியிருக்கும். ஆனால் காய்ச்சியதில் பெரும்பங்கு அவர் மனைவி ஹெலனுடையது. அந்த வட்டாரத்தில் சத்திரம் கிடையாது என்பதால் சோதனைக்கு வரும் கலால் அதிகாரிகளே அவர்கள் வீட்டில்தான் தங்குவார்களாம். ஹெலன் ஊறல் பாத்திரங்களை மறைத்துவிட்டு, ரொட்டி சுடுகிறவள் போல மாவுக் கையோடு வாசலுக்கு வருவாள். ஈஸ்ட் வாசனைக்கு ரொட்டிதான் சாக்கு. அதிகாரிகள் சாப்பிட உட்கார்ந்ததும் கொல்லைப்பக்கம் போய்க் களஞ்சியத்தின் மேல் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவாள், அக்கம்பக்கத்தில் காய்ச்சுகிறவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். 1823-இல் சட்டம் மாறி, பத்து பவுண்டு கட்டினால் சிறிய பானைக்கும் லைசென்ஸ் என்று வந்ததும் 1824-இல் முறைப்படி எடுத்துக்கொண்டார்கள். ஹெலனுக்குப் பிறகு அவள் மருமகள் எலிசபெத் கைம்பெண்ணாக நின்று வடிசாலையைப் புதிதாகக் கட்டி வளர்த்தாள். 1893-இல் ஜானி வாக்கர்காரர்களிடம் விற்றபோதும், நடத்துவது தன் குடும்பம்தான் என்ற நிபந்தனையோடு விற்றாள்.

இன்னொன்று டென்னசி. ஜாக் டேனியல் என்ற பெயரை அறியாதவர் குறைவு. சிறுவனாக இருந்த அவருக்கு வடிக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. டான் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் வேலை செய்துவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகு ஜாக் டேனியல் தன் சொந்த வடிசாலையில் அவரையே தலைமை வடிப்பாளராக வைத்துக்கொண்டார். மேப்பிள் மரக் கரியில் சரக்கைச் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவது டென்னசி விஸ்கியின் அடையாளம், அந்தக் கைத்திறனை கிரீனோடு சேர்த்துத்தான் இன்று பேசுகிறார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாட்டிலில் ஒருவர் பெயர்தான் இருந்தது. 2016-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதின பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2017-இல் ஃபான் வீவர் என்ற பெண்மணி கிரீனின் பெயரிலேயே ஒரு விஸ்கியைக் கொண்டுவந்தார். அதன் கலவையைத் தீர்மானிக்கும் பொறுப்பில் கிரீனின் வம்சத்தில் வந்த விக்டோரியா ஈடி பட்லர் அமர்ந்தார்.

இந்தக் கதைகளை மருமகனுக்கு அனுப்பினேன். அவனுக்கு இவை நல்ல உதாரணங்கள், தன் திட்டத்துக்கு வலு சேர்ப்பவை. எனக்கும் அப்போது அதற்கு மேல் தோன்றவில்லை. பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடினோம், அங்கே அத்தை இருந்தார்.

அத்தை கேட்டது

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவர், தாத்தாவின் முதல் பெண். எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், காது கூர்மை. மருமகன் அந்த டென்னசி பாட்டிலை அவர் கையில் கொடுத்துக் கதையை முழுக்கச் சொன்னான். படத்தில் இருக்கும் பெரியவரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஏங்கண்ணு, இவரு காய்ச்சினாரு, செரி. பானையக் கழுவினது ஆரு?" என்றார்.

"அதெல்லாம் எழுதலை பாட்டி."

"எழுத மாட்டாங்க. உங்க தாத்தன் கதையிலயும் நீ எழுத மாட்டே."

அப்புறம் அத்தை சொன்னது எதுவும் நான் அதுவரை கேட்டிராதது. தாத்தா காலையில் இறக்கிக்கொண்டு வருகிற கலயங்கள் அத்தனையும் அப்பத்தா கைக்குத்தான் வரும். முதலில் வெந்நீர், பிறகு தேங்காய் நாரால் தேய்ப்பு, மறுபடி வெந்நீர். கல்வரிசை மேல் கவிழ்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அடுப்புப் புகையில் காட்ட வேண்டும். பழைய கள்ளின் வண்டல் ஒரு விரல் நுனியளவு உள்ளே தங்கினாலும் அடுத்த கள் வழியிலேயே புளித்துவிடும், வண்டிக்காரன் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். காய்ந்த ஒவ்வொரு கலயத்தையும் அப்பத்தா மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாளாம். மோந்துவிட்டு ஒன்றை வலப்பக்கம் வைப்பாள், ஒன்றை இடப்பக்கம். இடப்பக்கம் வைத்தது அன்றைக்கு மரம் ஏறாது. தாத்தா ஒரு நாளும் அதை மறுத்துப் பேசினது கிடையாது.

"எங்கம்மா ஒரு சொட்டு வாயில வெச்சதில்லை. ஆனா இறக்கின கள்ள மோந்து பாத்தே இது வடக்குவரிசை மரம், இது கெணத்தடி மரம்னு சொல்லுவா. ஒரு மரத்துக் கள்ளு வாசம் மாறிச்சுன்னா அந்தப் பாளைய விட்டுரச் சொல்லுவா. உங்க தாத்தன் ஏறினாரு. எதுல ஏறணும்னு சொன்னது அவ."

பெரிய விஸ்கி நிறுவனங்களில் கலவை நிபுணர் என்று ஒருவர் இருப்பார். நூற்றுக்கணக்கான பீப்பாய்களை அவர் பெரும்பாலும் மூக்கை வைத்துத்தான் தரம் பிரிப்பார், குடித்துப் பார்த்தால் நாக்கு சீக்கிரம் மரத்துவிடும். அந்த வேலைக்கு உலகம் கொடுக்கும் மரியாதை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக் கல்வரிசையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த பெண்ணைப் பற்றி எனக்குச் சொல்லவே யாருமில்லை. மரக் குத்தகைக் கணக்கும் அவளுடையதுதான். எழுதத் தெரியாது. அடுக்களைச் சுவரில் ஒரு மரத்துக்கு ஒரு கோடு என்று கரியால் இழுத்து வைப்பாள், தோப்புக்காரர் வீட்டுக்கு நடந்துபோய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்து கோட்டை அழிப்பாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுவார்களாம்.

மருமகனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாட்டி, அப்ப அவங்க பேரையே வெச்சிரலாம். இன்னும் நல்லா இருக்கும்" என்றான். அவன் நல்ல பையன், மனசறிந்துதான் சொன்னான். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் சின்னத் தாத்தன எங்க வெப்பே?" என்று கேட்டார்.

சின்னத் தாத்தன் என்றது என் சித்தப்பாவை. அத்தைக்குத் தம்பி, தூக்கி வளர்த்த தம்பி. வீட்டிலேயே கலயம் இருந்த காலத்தில் பதினாலு பதினைந்து வயதில் வண்டலைக் குடிக்கப் பழகினவர். பிறகு சாராயம். 1996 ஏப்ரல் 1-இல் கேரளத்தில் சாராயத்தைத் தடை செய்தபோது வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் பிராந்தி. ஐம்பதைத் தொடவில்லை, ஈரல் போய்விட்டது. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: கள்ளால் சாகவில்லை, சாராயத்தால் செத்தான். அதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அன்றைக்கு அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எது கொன்னுச்சுன்னு டாக்டருக்குத் தெரியும். எது தொடங்கி வெச்சுதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் கலயத்த அவன் கையில குடுத்துக் கழுவச் சொன்னேன்."

யாரும் எதுவும் பேசவில்லை. மருமகன் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அத்தை மறுபடி சாதாரணமாகி, வாசலில் கிடந்த மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னார்.

சின்னவனுக்கு ஒரு லைசென்ஸ்

அதற்குப் பிறகு என் எண்ணம் மாறியது என்பதைவிட, இறுகியது என்று சொல்லலாம். வடிசாலை வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. மதுவைப் பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, அது பாவம், ஒழிக்க வேண்டும். மற்றொன்று, அது வருமானம், கஜானா நிரம்ப வேண்டும். இரண்டிலும் அதைச் செய்கிற கைக்கு இடமில்லை. சட்டமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அரசியலமைப்பின்படி மது மாநிலத்தின் கையில் இருக்கிறது. கேரளத்தில் கள் இறக்கலாம், ஷாப்பில் விற்கலாம், ஆனால் இறக்குகிற குடும்பம் அதை வடித்து ஒரு பாட்டிலில் அடைக்க வழி இல்லை. 2022-இல் பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் செய்வதற்கு விதிகள் வந்தன, அது நல்ல தொடக்கம். வடிப்பதற்கு அப்படி ஒரு சின்னக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பெரியவர்களுக்கு மட்டும் கதவு அகலமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து எலப்புள்ளியில் மாபெரும் மதுபான ஆலை ஒன்றுக்கு அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. தண்ணீரை நினைத்து ஊர் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? அதே மாவட்டத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-இல் வந்த குளிர்பான ஆலை கிணறுகளைக் கெடுத்தது என்று ஆதிவாசிப் பெண்கள், மயிலம்மா முன்னால் நிற்க, பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004-இல் ஆலை மூடியது. மழை மறைவுப் பக்கம் எங்களுடையது. ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் லட்சக்கணக்கான லிட்டர் குடிக்கிற ஆலையை நான் ஒரு நாளும் ஆதரிக்க மாட்டேன். நான் கேட்பது ஒரு பானை. ஒரு குடும்பம் அல்லது பத்து மரமேறிகள் சேர்ந்த ஒரு சங்கம், தங்கள் மரத்துக் கள்ளை மட்டும் வடிப்பதற்கு.

விஷச்சாராயச் சாவுகளைச் சொல்லி மறுப்பார்கள். சொல்ல வேண்டியதுதான். 1982 ஓணத்தின்போது வைப்பினில் எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், எத்தனையோ பேருக்குக் கண் போயிற்று. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இவற்றில் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டியது குறுக்கு வழியில் பாக்கெட்டுக்குள் வந்தது. பெயர் இல்லாத இடத்தில்தான் அது கலக்கும். யார் காய்ச்சினது, எந்த மரத்தது, எந்த நாளில் வடித்தது என்று பாட்டிலில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன் குடிக்கப்போவதில் மெத்தனாலைக் கலக்கத் துணிய மாட்டான். துணிந்தால் அன்று மாலையே பிடிபடுவான். ஸ்காட்லாந்தில் 1823-க்கு முன்னால் மலைக்கு மலை ஒளிந்து காய்ச்சினவர்கள், சின்னப் பானைக்கும் கட்டக்கூடிய கட்டணம் என்று வந்ததும் வரிசையாக வெளியே வந்தார்கள். கோவாவில் ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முந்திரிப் பழக் காலத்தில் குடும்பங்கள் தங்கள் காய்ச்சுமிடங்களில் இன்றைக்கும் அதை வடிக்கிறார்கள். கேரளத்துக்கும் இது எட்டாத காரியமில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் முதலில் கள்ளையே திறந்தாக வேண்டும், அது தனிக் கதை.

சரி, லைசென்ஸ் வந்தால் என்ன எழுதுவது? இதில்தான் மருமகனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் இப்போது அப்பத்தாவையும் சேர்த்து அழகாக ஒரு கதை எழுதியிருக்கிறான். கல்வரிசை இருக்கிறது, கரிக்கோடு இருக்கிறது, மோந்து பார்க்கிற மூக்கு இருக்கிறது. படித்தால் கண் கலங்கும். தோப்பு யாருடையது என்பது இல்லை. அதையும் போடச் சொன்னேன், போட்டுவிட்டான். சித்தப்பாவைப் போடச் சொன்னேன். "எந்த பிராண்டு மாமா தன் லேபிள்ல சாவ எழுதும்?" என்கிறான். வியாபாரமாகப் பார்த்தால் அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் நியரஸ்ட் கிரீனின் பெயர் நூறு வருஷம் வெளியே வராமல் போனதும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று யாரும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ததால் இல்லை. சொல்லச் சங்கடமானதை ஒவ்வொருவராகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் தொழிலையே "தோப்புல இருந்தாங்க" என்று விட்டோமே, அதே மாதிரி. அளவோடு குடிங்கள் என்று பொடி எழுத்தில் அச்சடிப்பதற்குப் பதிலாக, இந்தக் குடும்பத்தில் ஒருவர் இதனால் செத்தார் என்று எழுதிவிடலாம். சித்தப்பாவை விட்டுவிட்டுத் தாத்தா பெயரைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். அத்தையும் மாட்டார்.

லைசென்ஸ் வருகிறவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு யோசனை சொன்னேன். முந்திரிப் பழம் விழுகிற மாசத்தில் லீவு போட்டுக் கோவாவுக்குப் போய், ஃபெனி வடிக்கிற ஒரு குடும்பத்தோடு தங்கி வேலை கற்றுக்கொள்ளச் சொன்னேன். செய்முறையும் தெரியும், ஒரு குடும்பம் இதை எப்படிச் சுமக்கிறது என்றும் தெரியும். அவனுக்குச் சந்தோஷம், ஒரு இடத்தில் பேசியும் வைத்துவிட்டான். அத்தையிடம் போனில் சொல்லியிருக்கிறான். அங்கே போய் முதலில் பானை கழுவுகிறவங்க பக்கத்தில் உட்கார், காய்ச்சுகிறவரை அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அந்த வீட்டில் குடிக்கிறவங்க யாராவது இருந்தால் அவங்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டதாக நேற்று மருமகன் சொன்னான். ஏப்ரலில் போகிறான்.